காரணம்: சும்மா

அந்தத் தாளை மடிச்சுப் பைக்குள்ள வைங்க சார். படிச்சது போதும். 'காப்பாளர் தனகோடி, அங்கமுத்துவிடம் பக்குவமாகப் பேசி அவரது உயிரைக் காத்தார்.' நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. பேரு ரெண்டும் சரி. மத்தது பூராவும் பொய்.

கோபம் இல்ல. என் குரலே இப்படித்தான். முப்பத்தொரு வருஷம் வயர்மேன், இப்ப ஓய்வு. கம்பத்து மேல நின்னு கீழ இருக்கிறவனுக்குக் கத்திக் கத்தி இப்படி ஆயிடுச்சு. உக்காருங்க. மோர் வருது.

பதினோரு ஊர்ல புதுசா பூச்சிமருந்து அறை தெறக்கப் போறீங்க. பதினோரு காப்பாளருக்கும் நான் வந்து 'எப்படிக் காப்பாத்துனேன்'னு சொல்லணும். அதானே? வர்றதும் வராததும் அப்புறம். நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. நடுவுல 'ம்' கொட்டாதீங்க. ஓட்டம் நின்னா எனக்குத் திரும்ப எடுக்க வராது.

எங்க மருதங்குடிக்காட்டுல ஒரே வருஷத்துல நாலு பேரு போயிட்டாங்க. நாலு பேரும் அவங்கவங்க வீட்டுல இருந்த பூச்சிமருந்தால போனவங்க. எங்க பக்கம் பருத்தி, மக்காச்சோளம். மருந்து இல்லாத வீடு கெடையாது. அடுப்படி மூலையில உப்புச்சட்டிக்குப் பக்கத்துல இருக்கும். நாலாவது ஆளுக்குக் கருமாதி முடிஞ்சு ஒரு வாரத்துல உங்க ஆளுங்க வந்தாங்க. சம்பளம் இல்லாத ஆளுங்க. ஜெசிந்தா அம்மாதான் முன்னால. நர்ஸா இருந்து ஓய்வு வாங்குனவங்க. வீடு வீடா ஏறி எறங்கி ஒரே விஷயத்தைச் சொன்னாங்க.

"மனசு உடையுற நேரம் ரொம்ப நேரம் நிக்காதுங்க. அந்த நேரத்துல அது கைக்கு எட்டாம இருந்தாலே போதும், ஆளு திரும்பிடுவாங்க. பேச ஒரு ஆளும் பக்கத்துல இருந்துட்டா, கட்டாயம் திரும்பிடுவாங்க."

ஊரு சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். ஆனா அந்தம்மா விடல. பழைய ரேஷன் கடை சும்மா கெடந்தது. அதைக் கேட்டு வாங்கி, வெள்ளை அடிச்சு, எண்பது இரும்புப் பெட்டி வச்சாங்க. ஊர்ல இருக்கிற மருந்து எல்லாம் இனிமே அங்கதான். ஒரு பெட்டிக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி சொந்தக்காரன்கிட்ட, ஒரு சாவி காப்பாளர்கிட்ட. ரெண்டும் சேர்ந்தாத்தான் தெறக்கும். அதுதான் மொத்தச் சங்கதியும். தனியா ஒருத்தன் வந்து தெறக்க முடியாது. இன்னொரு மனுஷன் மூஞ்சியைப் பாத்தாகணும்.

அந்த இன்னொரு மூஞ்சிக்கு ஆள் தேடுனாங்க. "வயர்மேன் இருக்காரே, நேரம் தவற மாட்டாரு, தண்ணி போட மாட்டாரு"ன்னு ஊரு என்னைக் கை காட்டிடுச்சு. என் வீடு அறைக்கு நேர் எதிர்ல. வேற காரணம் ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரி அன்னிக்கே சொன்னா: "இவரையா போட்டீங்க? கூப்பிட்ட கொரலுக்கு ஏன்னு கேக்காத மனுஷனாச்சே."

மூணு நாள் பயிற்சி. ஜெசிந்தா அம்மா எழுதியே குடுத்தாங்க. மருந்து எடுக்க வர்றவங்களை முதல்ல உக்கார வைக்கணும். என்ன பயிரு, என்ன பூச்சின்னு கேக்கணும். வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேக்கணும். சாப்பிட்டாங்களா, தூங்குனாங்களான்னு கேக்கணும். கேட்டுட்டு நம்ம வாயை மூடிக்கணும். அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும்.

நான் கேக்காம இல்ல சார். கேட்டேன். எப்படி? "பயிரென்ன பூச்சியென்ன சாப்டியா தூங்குனியா, கையெழுத்துப் போடு." ஒரே மூச்சுல. பஸ்ஸுல கண்டக்டர் ஊர்ப்பேரு சொல்றாப்ல. எனக்குப் பின்னால ஆம்பளைங்க அதையே சொல்லிச் சிரிப்பாங்க. வாய்க்கால்ல குளிக்கிறவன் கூட "என்ன மாப்ள, சாப்டியா தூங்குனியா கையெழுத்துப் போடு"ம்பான். எனக்கும் தெரியும். எனக்கு என்ன, வேலை நடக்குதுல்ல.

ஃபியூஸ் போச்சுன்னு கூப்பிடுற வீட்டுல நின்னு கதை பேசிக்கிட்டா இருப்பேன்? போட்டுட்டு வந்துடுவேன். அதே புத்தி.

இப்ப அங்கமுத்து.

முப்பத்தேழாம் பெட்டி அவனுது. ஐம்பத்து ரெண்டு வயசு. மேற்க ரெண்டு ஏக்கர். பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, அது ஓசூர்ல இருக்கு. பொண்டாட்டி பூங்காவனம் மாசியில தவறிட்டா. காய்ச்சல்னு படுத்தவ எந்திரிக்கல. அதுக்கப்புறம் அந்த வீட்டுல அவன் ஒருத்தன்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரே ஊரு, ஒரே தெரு மாதிரி. தெரியும்னா, கரண்டு கம்பம் எங்க எங்க நிக்குதுன்னு தெரியுற மாதிரி தெரியும்.

புரட்டாசி பத்தாம் தேதி வாக்குல வர ஆரம்பிச்சான். தெனம். அறை காலையில பத்து மணி வரைக்கும், சாயங்காலம் மூணுலேருந்து ஆறு வரைக்கும். இவன் வர்றது மத்தியானம் ஒண்ணரைக்கு. நான் சாப்பிட்டுக் கட்டில்ல சாயுற நேரம்.

"அண்ணே."

"என்னடா?"

"பெட்டியை ஒருக்காத் தெறக்கணும்."

"எதுக்கு?"

"மருந்து தேதி முடிஞ்சிருச்சான்னு பாக்கணும்ணே."

போய்த் தெறப்பேன். எடுத்துப் பாப்பான். திருப்பி வச்சிருவான். அப்புறம் போக மாட்டான். அங்க கெடந்த நாற்காலியில உக்காந்துக்குவான். "இந்த வருஷம் காத்து மாறி அடிக்குதுல்லண்ணே." "பூங்காவனம் கத்திரிக்காய்ல கருவாடு போட்டு வைப்பா பாருங்க, அது எனக்கு வர மாட்டேங்குதுண்ணே." "ராத்திரி ரேடியோவை அணைக்காம விட்டுர்றேன். ஒரு சத்தம் இருக்கட்டும்னு." இப்படி. எனக்குக் கண்ணு சொக்கும். நின்னுக்கிட்டே சாவிக்கொத்தை ஆட்டுவேன். அது சத்தம் போடும்ல? புரிஞ்சுக்கிட்டு எந்திரிப்பான்.

நோட்டுல எழுதணும். பயிருங்கிற கட்டத்துக்கு, "என்ன போட்டிருக்க?"ன்னு முதல் நாள் கேட்டேன்.

"இந்த வருஷம் ஒண்ணும் போடலண்ணே."

ஒரு கோடு இழுத்தேன். காரணம்னு அடுத்த கட்டம். 'சும்மா'ன்னு எழுதுனேன்.

யோசிச்சுப் பாருங்க சார். வயல்ல பயிரே இல்லாதவன் தெனம் வந்து மருந்தைப் பாத்துட்டுப் போறான். நான் கோடு இழுத்துட்டு 'சும்மா'ன்னு எழுதுறேன். பத்தொன்பது நாள். பத்தொன்பது கோடு, பத்தொன்பது 'சும்மா'.

மாசக் கடைசியில ஜெசிந்தா அம்மா நோட்டைப் பாக்க வந்தாங்க. விரலை வச்சுக்கிட்டே கீழ எறங்குனவங்க, நின்னுட்டாங்க.

"ஐயா, இந்த முப்பத்தேழு யாரு?"

"அங்கமுத்து. பொழுது போகாதவன்."

"பயிர் இல்லையா?"

"இல்ல."

"வீட்டுல யாரு?"

"ஒருத்தரும் இல்ல."

"ஐயா..." என் மூஞ்சியைப் பாத்தாங்க. "நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

நான் சிரிச்சேன் சார். "எதுக்கும்மா அலைச்சல்? அவன் வாய் ஓயாம பேசுறவன். பேசுறவன் ஒண்ணும் பண்ணிக்க மாட்டான். ஊமையா இருக்கிறவனைத்தான் பாக்கணும்." அவங்களுக்கே நான் பாடம் எடுத்தேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவங்களுக்கு.

அவங்க எந்திரிச்சுப் போனாங்க. ஒரு மணி நேரம் அவன் வீட்டுல இருந்திருக்காங்க. அவன் வச்ச குழம்பை ஊத்திச் சாப்பிட்டாங்களாம். தன் நம்பரைப் பெரிய எழுத்துல எழுதிச் சுவத்துல ஒட்டிட்டு, பஸ்ஸு எங்க ஏறணும், ஆபீஸு எங்க இருக்குன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு, வாரா வாரம் வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. போற வழியில என்கிட்டயும் நின்னாங்க. "ஐயா, அவரு வந்தா உக்கார வைங்க. மனசுல அந்த நெனப்பு ஏதும் இருக்கான்னு நேராவே கேளுங்க. கேட்டா தூண்டி விட்ட மாதிரி ஆயிடும்னு பயப்படாதீங்க. ஆகாது. கேட்டாத்தான் அவரால சொல்ல முடியும். அன்னிக்கே எனக்குப் போன் பண்ணுங்க."

"சரிம்மா"ன்னேன். சரின்னா சரின்னு அர்த்தமா? பேச்சை முடிக்கச் சொல்ற 'சரி' ஒண்ணு இருக்குல்ல. அது.

அதுக்கு நாலாவது நாள்.

செவ்வாக்கெழமை. காலையில பேங்குல நின்னுட்டு வந்திருந்தேன். சுகர் மாத்திரை போட்டுச் சாப்பிட்டுக் கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் இருக்காது.

"அண்ணே."

திரும்பிப் படுத்தேன்.

"அண்ணே. தூங்குறீங்களா?"

எந்திரிச்சேன் சார். கொத்துலேருந்து முப்பத்தேழாம் நம்பர் சாவியைக் கழட்டுனேன். அவன் கையில வச்சேன்.

"இந்தா. ரெண்டையும் நீயே வச்சுக்க. தெறந்து பாத்துக்க, மூடிக்க. இனிமே என்னை எழுப்பாத."

வாங்கிக்கிட்டு நின்னான். சாவியைப் பாத்தான்.

"இது உங்ககிட்ட இருக்கணும்ல அண்ணே?"

"நீ என்ன சின்னப் புள்ளையா? போடா."

போகல. கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னான். அப்புறம் கேட்டான். சாதாரணமாத்தான் கேட்டான்.

"இன்னிக்குச் சாப்டியான்னு கேக்கலையேண்ணே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேட்டா மட்டும் என்னா பண்ணப் போற?"ன்னேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். எதிர்ல தாழ் மட்டும் போட்டிருந்த அறைக்கதவு தெறக்குற சத்தம் கேட்டுச்சு. மூடுற சத்தம் கேட்டுச்சு. தூங்கிட்டேன்.

சார், நான் வேலை பாத்த இடத்துல ஒரு பழக்கம் உண்டு. கம்பத்துல ஏறுறவன் கீழ ஃபியூஸ் கட்டையைப் புடுங்கித் தன் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் ஏறுவான். கூட வந்தவன்கிட்டக் குடுக்க மாட்டான். பெத்த தகப்பன் கேட்டாலும் குடுக்க மாட்டான். யாராவது திருப்பி மாட்டுனா கம்பியில கரண்டு வந்துரும், அது ஒருத்தன் உசுரு. முப்பத்தொரு வருஷத்துல நான் ஒரு தடவை கூட அதை எவன் கையிலயும் குடுத்ததில்ல. மேல ஏறுனது நான், அதனால. இங்க மேல நின்னது அவன்.

மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. ரெண்டு நாளும் நல்லாத் தூங்குனேன். இதை முதல்ல எழுதுங்க. மடிச்சு வச்ச தாளைத் திரும்ப எடுங்க. எழுதுங்க: தனகோடி ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்குனான். என் வீட்டுக்காரி கேட்டா, "அங்கமுத்து அண்ணனைக் காணோமே ரெண்டு நாளா?" "தொல்லை விட்டுச்சு"ன்னேன். அவ கையில சோத்துக் கரண்டி. அப்படியே நின்னு என்னைப் பாத்தா.

மூணாம் நாள் பதினொரு மணி இருக்கும். ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. ஜெசிந்தா அம்மா எறங்குனாங்க. பின்னால அங்கமுத்து. சட்டை கசங்கி, தாடியோட, ஆனா நின்னான். காலூனி நின்னான்.

நடந்தது இதுதான். அன்னிக்குப் பெட்டியைத் தெறந்து பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். ரெண்டு நாள் அது அவன் வீட்டுல இருந்திருக்கு. அந்த ரெண்டு நாள் எப்படிப் போச்சுன்னு அவன் சொன்னதில்ல, நான் கேக்குற யோக்கியதையும் எனக்கு இல்ல. மூணாம் நாள் விடிஞ்சதும் அதை மஞ்சப்பையில போட்டுக்கிட்டு, முதல் பஸ்ஸைப் புடிச்சு, சுவத்துல ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழிச்சுக் கையில வச்சுக்கிட்டு விசாரிச்சு விசாரிச்சு ஆபீஸுக்குப் போயிட்டான். மேசை மேல பையை வச்சு, "இதை நீங்க வச்சுக்கங்கம்மா. எனக்கு என் மேல நம்பிக்கை இல்ல"ன்னு சொல்லியிருக்கான்.

இப்பச் சொல்லுங்க. யாரு காப்பாத்துனது? அவனை அவனே காப்பாத்திக்கிட்டான். அந்தம்மா உக்காந்து சாப்பிட்ட ஒரு வாய் சோறு காப்பாத்துச்சு. இதுல நான் எங்க வர்றேன்?

வந்தேன் சார். அதான் அசிங்கம்.

அந்தம்மா நேரா வந்து என் ரெண்டு கையையும் புடிச்சாங்க. கண்ணுல தண்ணி. "ஐயா, நீங்க அனுப்புனீங்கன்னு சொன்னாரு. 'தனகோடி அண்ணன்தான் உக்கார வச்சுப் பேசி, இதை எடுத்துட்டுப் போயி அந்தம்மாகிட்டக் குடுத்துட்டு வாடான்னு சொன்னாரு'ன்னு சொன்னாரு. நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன் ஐயா. மன்னிச்சுக்கங்க."

என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க.

நான் அங்கமுத்துவைப் பாத்தேன். அவன் தரையைப் பாத்தான். அந்த எடத்துல நான் வாயைத் தெறந்து "இல்லம்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். ஊருக்கே கேக்குற மாதிரி கத்துற வாயி இது. என்ன சொல்லுச்சு தெரியுமா? "கடமைம்மா"ன்னுச்சு.

அவங்க ஆட்டோக்காரருகிட்டத் திரும்புன நேரத்துல அவன் என் கையில அந்தச் சாவியை வச்சான். ஒருத்தருக்கும் தெரியாம. கல்யாண வீட்டுல மொய்க்கவரை வைக்கிறாப்ல, அவ்வளவு மரியாதையா.

அன்னிக்கு மத்தியானம் நோட்டை எடுத்துச் செவ்வாக்கெழமைக்கு எழுதுனேன். 'பேசினேன். மனம் சரியில்லை என்றார். ஆறுதல் கூறி அனுப்பி வைத்தேன்.' மூணு நாள் கழிச்சு எழுதுனது. நீங்க இப்பப் படிச்சீங்களே, அது அங்கேருந்து எடுத்ததுதான். 'பக்குவமாக'ங்கிறது மட்டும் உங்க சொந்தச் சரக்கு.

அப்புறம் விழா. ஒன்றியத்துல மேடை போட்டு எனக்குச் சால்வை போத்துனாங்க. போட்டோ எடுத்தாங்க. என் மக கோயமுத்தூர்லேருந்து போன் பண்ணி அழுதா, "அப்பா, உங்களை நெனச்சாப் பெருமையா இருக்குப்பா"ன்னு. முதல் வரிசையில அங்கமுத்து உக்காந்திருந்தான். புதுச் சட்டை. கையைத் தட்டுறான். எல்லாரும் நிறுத்துன பெறகும் தட்டுறான்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி சால்வையைத் தடவிப் பாத்தா. "நல்ல துணி"ன்னா. "இதைப் போத்திக்கிட்டு மத்தியானம் நல்லாத் தூங்கலாம்." அவ்வளவுதான் சொன்னா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சாவியைக் குடுத்தப்ப அவ உள்ளதான் இருந்தா.

ஒரு வாரம் பொறுத்தேன். முடியல. அவன் வீட்டுக்குப் போனேன். அவனை இத்தனை வருஷத்துல தேடிப் போனது அதான் முதல் தடவை. அவன் பயந்துட்டான். பழையபடி கரண்டு கட் பண்ண வந்திருக்கேன்னு நெனச்சானோ என்னவோ.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"எப்படிண்ணே?"

"நான் அனுப்புனேன்னு."

தலையைச் சொறிஞ்சான். "நீங்க சாவியைக் குடுத்தீங்கன்னு சொன்னா உங்களை எடுத்துருவாங்களேண்ணே."

"எடுத்தா எடுக்கட்டும். உனக்கென்ன?"

"உங்களை எடுத்துட்டா..." அவன் சொன்னான் சார், என் மூஞ்சியைப் பாக்காம சொன்னான், "உங்களை எடுத்துட்டா நான் எங்க வந்து உக்காருறது?"

சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி நான் வெரட்டுன எடம். அதையும் ஒரு எடம்னு அவன் வச்சிருந்திருக்கான். அதை விட்டா அவனுக்கு வேற இல்ல.

'மன்னிச்சுக்க'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. எனக்கு அது வாய்ல வராது. பழக்கம் இல்ல. அன்னிக்கும் வரல. "நாளைக்கு வா"ன்னுட்டு வந்துட்டேன். நடந்து வரும்போது பாதி வழியில நின்னு, அந்தம்மா கேக்கச் சொன்னதைக் கேக்கலையேன்னு திரும்பிப் போனேன். கதவுல நின்னுக்கிட்டே கேட்டேன். "இப்பவும் அந்த நெனப்பு இருக்காடா?" சத்தமாக் கேட்டுட்டேன். பக்கத்து வீட்டுல பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்னுபோச்சு. அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சு முடிச்சுட்டு, "சில நாள் இருக்குண்ணே"ன்னான். அன்னிக்கே போன் பண்ணுனேன். இப்ப அந்தம்மா கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டுறாங்க. மாத்திரை சாப்பிடுறான். பொண்ணு தெனம் பேசுது. முப்பத்தேழாம் பெட்டி காலி.

காலிப் பெட்டிக்கும் தெனம் வர்றான். ஒண்ணரை மணிக்கு.

அதனால தாளை மாத்தி எழுதுங்க. பதினோரு ஊருக்கும் வரேன். ஜெசிந்தா அம்மாவை முன்னால உக்கார வச்சு, சாவியைக் குடுத்ததைச் சொல்றேன், நோட்டுல பொய் எழுதுனதைச் சொல்றேன். சால்வையைத் திருப்பிக் குடுக்குறேன். அதுக்கப்புறம் என்னை எடுக்கணும்னா எடுங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன். யாரைப் போட்டாலும், மத்தியானம் தூங்காத ஆளாப் போடுங்க. நான் திருந்திட்டேன்னு நெனைக்காதீங்க. எனக்கு இன்னும் ஒண்ணரை ஆனாக் கண்ணு சொக்குது.

நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா? அவன் ஒரு எருமைக் கதையை எடுத்தான். கல்யாணம் ஆன புதுசுல பூங்காவனம் பொறந்த வீட்டுலேருந்து ஓட்டிட்டு வந்த எருமையாம். ஒரு ஐப்பசி மழையில தும்பை அறுத்துக்கிட்டுப் போயிருச்சாம். ரெண்டு பேரும் ஒரே கோணியைத் தலையில போட்டுக்கிட்டு ஊரு ஊராத் தேடியிருக்காங்க. எந்த ஊர்ல யாரு கஞ்சி ஊத்துனாங்க, எந்த ஓடையில அவ செருப்பு போச்சு, எல்லாத்தையும் சொல்றான். மணி மூணாகுது. எருமை வந்தபாடில்ல. எனக்குப் பெரிய கொட்டாவி. அடக்கிப் பாத்தேன், முடியல. அவன் பாத்துட்டான். சட்டுனு நிறுத்தி, "நான் வரேண்ணே"ன்னு எந்திரிச்சான்.

கையைப் புடிச்சேன் சார். "உக்காருடா. எருமை என்னாச்சு?"

"உங்களுக்குத் தூக்கம் வருதுண்ணே."

"வரட்டும். எருமை கெடைச்சுதா இல்லையா?"

என்னையே பாத்தான். அப்புறம் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, "அது நெறைய இருக்குண்ணே. நாளைக்கு வந்து சொல்றேன்"ன்னான்.

மோரைக் குடிங்க. மணி ஒண்ணே கால்.